மீன் முட்டையும் முதுமையும்

ஆன்ட்டி ஆக்ஸிடன்ட் என்ற சொல் இன்று நம் வயதுக்காரர்கள் எல்லோருக்கும் பழகிவிட்டது. கிரீன் டீ பாக்கெட்டில் இருக்கிறது, மாத்திரை டப்பாவில் இருக்கிறது, வாட்ஸப்பில் தினமும் வந்துவிடுகிறது. பிரெஞ்சில் படித்தவன் என்பதால் அந்தச் சொல்லின் பிரெஞ்சுக் கதையிலிருந்து தொடங்குகிறேன்.

முதல் உலகப் போர்க் காலத்தில் பாரிஸில் ஷார்ல் மூரெ, ஷார்ல் துஃப்ரெஸ் என்ற இரு வேதியியலாளர்கள் அக்ரோலின் என்ற நச்சுப்பொருளோடு மல்லாடிக்கொண்டிருந்தார்கள். குடுவையில் வைத்திருந்தால் தானாகவே பிசின்போல இறுகிவிடும். ஹைட்ரோகுவினோன் போன்ற சில பொருள்களைத் துளியளவு சேர்த்தால் இறுகாமல் நின்றது. காற்றிலுள்ள ஆக்சிஜனின் வேலையைத் தடுப்பதால் அவற்றுக்கு ‘ஆந்தியோக்ஸிஜேன்’ என்று பெயர் வைத்து 1922-இல் எழுதினார்கள். நாள்பட்ட கடலை எண்ணெய் சிக்கு வாடை அடிப்பதும் ஆக்சிஜன் செய்யும் வேலைதான். அன்றைக்கு இதெல்லாம் குடுவைக்குள் நடந்த சமாசாரம். முதுமையைப் பற்றி அதில் பேச்சே இல்லை.

முதுமையை இதில் சேர்த்தவர் டென்ஹாம் ஹார்மன் என்ற அமெரிக்கர். எண்ணெய்க் கம்பெனியில் வேதியியலாளராக இருந்து, பிறகு மருத்துவம் படித்தவர். நம் உடம்பு ஆக்சிஜனைப் பயன்படுத்தும்போது உண்டாகும் ‘ஃப்ரீ ராடிக்கல்’ என்னும் துடுக்குத் துணுக்குகள் செல்களைச் சிறுகச் சிறுகக் கெடுப்பதால்தான் நாம் மூப்படைகிறோம் என்று 1956-இல் எழுதினார். அப்படியானால் அவற்றை அடக்கும் பொருளைச் சாப்பிட்டால் மூப்பு தள்ளிப்போகுமா? இந்தக் கேள்வியில்தான் ஒரு சின்ன மீன் உள்ளே வருகிறது.

அது நம் நாட்டு மீன். கிழக்கிந்தியக் கம்பெனியின் டாக்டர் பிரான்சிஸ் ஹாமில்டன் கங்கைச் சமவெளி மீன்களைப் பற்றி 1822-இல் வெளியிட்ட நூலில், கோசி ஆற்றில் கிடைத்த மீனாக இதை எழுதிவைத்தார். வயல் நீரிலும் வாழும். உடம்பில் நீலக் கோடுகள் ஓடுவதால் ஜீப்ரா மீன் என்று பெயர். கலர் மீன் தொட்டிகளில் நீங்களும் பார்த்திருப்பீர்கள். இதை ஆய்வுக்கூடத்துக்குக் கொண்டுவந்தவர்களில் முக்கியமானவர், ஹங்கேரியில் பிறந்து குடும்பத்தோடு அமெரிக்கா போய்ச் சேர்ந்த ஜார்ஜ் ஸ்ட்ரைசிங்கர். ஆரிகன் பல்கலைக்கழகத்தில் பல ஆண்டு உழைத்து 1981-இல் முடிவை வெளியிட்டார். 1984-இல் காலமானார். தன் மீன் உலகம் பூராவும் பரவியதைப் பார்க்க அவருக்குக் கொடுத்துவைக்கவில்லை.

இந்த மீனை ஏன் பிடித்துக்கொண்டார்கள்? முட்டை தாயின் உடலுக்கு வெளியே வளரும். கண்ணாடி மாதிரி இருக்கும். ஒரே நாளில் இதயம் துடிப்பது தெரியும், மூன்று நாளுக்குள் குஞ்சு வெளியே வந்துவிடும். மனித மரபணுக்களில் சுமார் 70 சதவீதத்துக்கு இந்த மீனிடம் ஒரு ஜோடி உண்டு என்று 2013-இல் கணக்கிட்டார்கள். சோதனையும் எளிது. முட்டைகள் கிடக்கும் தண்ணீரில் தேயிலைச் சாறையோ திராட்சைச் சாறையோ கலப்பார்கள். பிறகு ஹைட்ரஜன் பெராக்சைடு ஊற்றிக் கருவுக்குத் தொல்லை கொடுப்பார்கள். ஆக்சிஜன் துணுக்குகள் பெருகினால் பச்சையாக ஒளிரும் ஒரு சாயம் இருக்கிறது. எந்தக் கரு குறைவாக ஒளிர்கிறதோ, அதற்குக் கொடுத்த சாறு வேலை செய்திருக்கிறது என்று பொருள்.

அரசு அலுவலகத்தில் ஒரு கோப்பு வந்தால், முடிவைப் படிக்கும் முன் இணைப்புகளைப் புரட்டிப் பார்ப்பது எங்கள் வழக்கம். இங்கேயும் புரட்டிப் பார்க்கலாம். கரு அந்தச் சாற்றிலேயே மூழ்கிக் கிடக்கிறது. நாம் விழுங்குவதோ இரைப்பையையும் ஈரலையும் தாண்டியாக வேண்டும். அளவு கூடினால் மஞ்சளிலுள்ள குர்குமின்கூட அந்தக் கருவைக் கொன்றுவிடும். எல்லாவற்றுக்கும் மேலாக, மூன்று நாள் வயதான கருவுக்கு ஏது முதுமை?

அதே மீன் இன்னொன்றும் சொல்லிக்கொடுத்தது. 2009-இல் ஹார்வர்டில் மீன்குஞ்சின் வால் துடுப்பில் சிறு காயம் செய்து பார்த்தார்கள். காயத்து ஓரத்தில் உடம்பே ஹைட்ரஜன் பெராக்சைடை உண்டாக்கி, வெள்ளை அணுக்களை அங்கே வரவழைத்தது. நாம் எதிரி என்று நினைத்த பொருள் அங்கே ஆள் அனுப்பிக் கூப்பிடும் வேலையைச் செய்துகொண்டிருந்தது. அதை முழுக்க அடக்கிவிடுவது நல்லதுதானா என்ற கேள்வி எழத்தானே செய்யும்?

மனிதர்களிடம் பார்த்த கணக்கும் உண்டு. பின்லாந்தில் 50 முதல் 69 வயது வரையுள்ள, புகைபிடிக்கும் ஆண்கள் 29,133 பேரிடம் நடந்த ஆய்வின் முடிவு 1994-இல் வந்தது. பீட்டா கரோட்டின் மாத்திரை சாப்பிட்டவர்களிடம் நுரையீரல் புற்றுநோய் குறையவில்லை, 18 சதவீதம் கூடியிருந்தது.

இதனால் மீன்கருச் சோதனை வீண் என்று ஆகிவிடாது. ஆயிரம் பொருள்களில் எதை மேற்கொண்டு ஆராயலாம், எதில் விஷம் இருக்கிறது என்று சீக்கிரமாகவும் குறைந்த செலவிலும் பொறுக்கியெடுக்க அது நல்ல சல்லடை. சல்லடையில் தேறியதையெல்லாம் மருந்து என்று விற்பதில்தான் கோளாறு. ஆகவே பென்ஷன் பணத்தில் விலையுயர்ந்த டப்பா வாங்கும் முன், இது மனிதர்களிடம், அதுவும் நம் வயதுக்காரர்களிடம், சோதிக்கப்பட்டதா என்று உங்கள் டாக்டரைக் கேளுங்கள். புகைபிடிப்பவர்கள் அவசியம் கேட்க வேண்டும். கீரை, நெல்லிக்காய், கொய்யா இவற்றையெல்லாம் வழக்கம்போலச் சாப்பிட்டு வாருங்கள்.