வக்பு உறுதியும் 'நிறுவன முதலீட்டாளரும்': நம் சல்லி எங்கே வேலை செய்கிறது?

சென்ற ஆண்டு நோன்பு காலத்தில் ஒரு ஞாயிறு பின்னேரம், வெள்ளவத்தையில் இருக்கும் எங்கள் வீட்டுக்குக் கொட்டாஞ்சேனையிலிருந்து மாமா வந்தார். கையில் பிளாஸ்டிக் உறைக்குள் பழுப்பேறிய நாலைந்து தாள்கள். அவர் நம்பிக்கையாளராக இருக்கும் பள்ளிவாசலுக்குரிய பழைய வக்பு உறுதியின் தமிழ்ப் பிரதி.

"மகள், நீ தமிழ் படிச்ச பிள்ளை. இந்த எழுத்து எனக்கு விளங்குதில்லை. வாசிச்சுச் சொல்லு."

நொத்தாரிசுத் தமிழ். முற்றுப்புள்ளியே இல்லாமல் ஒரு பக்கத்துக்கு ஒரே வாக்கியம். இஃப்தாருக்கு முன்பே வாசித்து முடித்தேன். விஷயம் எளிமையானது. மூன்று கடைகள். அவற்றை விற்கக் கூடாது, ஈடு வைக்கக் கூடாது. வாடகையில் முதலில் கட்டடத்தைப் பழுது பார்க்க வேண்டும். மிச்சத்தில் ஓதும் ஏழைப் பிள்ளைகளுக்குச் சோறும் உடுப்பும், தெருக் கிணற்றின் பராமரிப்பும்.

"இப்ப பிள்ளைகளுக்குச் சோறு கொடுக்கிறீங்களா, மாமா?"

மாமா சற்று நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார். கிணறு எப்போதோ மூடப்பட்டுவிட்டது. பிள்ளைகளின் பெயரே எவருக்கும் ஞாபகமில்லை. சேர்ந்த சல்லி பல வருடங்களாக ஒரு வங்கியில் நிலையான வைப்பில் கிடக்கிறது. வரும் வட்டியைத் தனியே எடுத்துக் கழிப்பறை திருத்தச் செலவிடுகிறார்கள். இப்போது நிதிக் கம்பனி ஒன்றிலிருந்து ஒரு பையன் வந்து, "நீங்க நிறுவன முதலீட்டாளர், நிலைபேறான முதலீட்டில போடலாம்" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறான்.

"பள்ளிவாசல்காரர் நாங்க எப்படி நிறுவன முதலீட்டாளர்?" என்று கேட்டார் மாமா.

அந்தக் கேள்விக்கு நான் தேடிக்கொண்ட பதில்தான் இக்கட்டுரை.

பெயர் புதிது, பொருள் பழையது

பிறருடைய பணத்தை அமானிதமாக வைத்திருந்து, நீண்ட காலத்துக்கு முதலிட்டு, வருமானத்தை உரியவர்களுக்குக் கொடுக்கும் அமைப்பையே நிறுவன முதலீட்டாளர் என்கிறார்கள். ஓய்வூதிய நிதியம், காப்புறுதிக் கம்பனி, பல்கலைக்கழக அறக்கொடை எல்லாம் இதற்குள் அடங்கும். அப்படிப் பார்த்தால் வக்பு இந்த வகையில் மிகப் பழையது. கைபரில் தமக்குக் கிடைத்த நிலத்தை என்ன செய்வதென்று உமர் (ரழி) அவர்கள் கேட்டபோது, மூலத்தை நிறுத்தி வைத்து விளைச்சலைத் தர்மம் செய்யும்படி நபி (ஸல்) அவர்கள் சொன்ன செய்தி நம் மத்ரஸாப் பிள்ளைகளும் அறிந்தது. விற்பனை இல்லை, அன்பளிப்பு இல்லை, வாரிசுரிமை இல்லை. விளைச்சல் யாருக்கு என்பது அன்றே சொல்லப்பட்டாயிற்று.

இன்று 'தாக்க முதலீடு' என்று சொல்வதன் இலக்கணமும் ஏறக்குறைய இதுதான். வருமானமும் வர வேண்டும். இன்ன நன்மை நடக்க வேண்டும் என்று முன்கூட்டியே குறித்து, நடந்ததா என்று அளந்தும் பார்க்க வேண்டும். இந்தச் சொல் 2007ஆம் ஆண்டு, ரொக்பெல்லர் நிதியம் இத்தாலியின் பெலாஜியோவில் கூட்டிய சந்திப்பில் பிறந்தது. எங்கள் உறுதியை எழுதிய பெரியவருக்கு அந்தச் சொல் தெரியாது. ஆனால் சோறும் உடுப்பும் கிணறும் என்று அளக்கக்கூடிய மூன்றை அவர் எழுதி வைத்துவிட்டுத்தான் போனார்.

உஸ்மானியர் வாதம்

நிலமாக இருந்த வக்பு பணமாக மாறியபோதுதான் சிக்கல் வந்தது. உஸ்மானியர் ஆட்சியில் 15ஆம், 16ஆம் நூற்றாண்டுகளில் 'பண வக்பு' பெருகியது. ஒருவர் ஒரு தொகையை வக்பு செய்வார். அது வணிகருக்கும் தெருவாருக்கும் கடனாகப் போகும். அதில் வரும் இலாபத்தில் இமாமுக்குச் சம்பளமும் பள்ளிக்கூடச் செலவும் நடக்கும்.

இது மார்க்கப்படி சரியா என்று பெரும் விவாதம் எழுந்தது. ஷெய்குல் இஸ்லாம் அபுஸ்ஸுஊத் எஃபந்தி இதை ஆதரித்தார். ஹனபி இமாம்களில் ஸுபருடைய கருத்தை ஆதாரம் காட்டி, இதைத் தடுத்தால் எண்ணற்ற தர்மங்கள் நின்றுபோகும் என்றார். பிர்கவி (இறப்பு 1573) கடுமையாக எதிர்த்தார். பெயரை மாற்றினாலும் இது வட்டிதான், தர்மத்தின் பேரால் ஹராம் ஹலாலாகாது என்பது அவர் நிலைப்பாடு.

இருவருடைய கவலையும் நமக்குத் தேவை. ஒருவர் பலன் நின்றுபோகுமே என்று அஞ்சினார். மற்றவர் வழி கெட்டுப்போகுமே என்று அஞ்சினார். நம்மைப் போன்ற ஷாஃபி மத்ஹபினரிடம் பணத்தை வக்பு செய்வதற்குத் தயக்கம் இருந்தது. சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகடமி 2004இல் மஸ்கத்தில் கூடி, பண வக்பு செல்லும் என்று தீர்மானித்தது.

கொழும்புக் கணக்கு

நம் ஊரிலும் இந்த வரலாறு உண்டு. 1892இல் மருதானைப் பள்ளிவாசல் வளவில் ஸாஹிறா தொடங்கியபோது சித்திலெப்பை, ஐ.எல்.எம். அப்துல் அஸீஸ் ஆகியோருடன் நின்றவர் வாப்பிச்சி மரிக்கார். கொழும்பு அருங்காட்சியகத்தைக் கட்டிய அதே கட்டட ஒப்பந்தக்காரர். மாணிக்க வணிகர் என்.டி.எச். அப்துல் கபூர், மகரகமையில் கபூரிய்யா அரபுக் கல்லூரியை நிறுவியபோது அதன் செலவுக்கென ஆதனங்களையும் எழுதி வைத்தார். வணிகத்தில் வந்த பணத்தைக் கல்லும் சுண்ணாம்புமாக மாற்றி, அந்தக் கட்டட வாடகையைப் படிப்பாக மாற்றிய தலைமுறை அது.

சட்டமும் வந்தது. 1931ஆம் ஆண்டு 10ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் வக்பையும் தொட்டது. 1956ஆம் ஆண்டு 51ஆம் இலக்க வக்பு சட்டம் பள்ளிவாசல்களைப் பதிவு செய்யவும் நம்பிக்கையாளர் கணக்குக் காட்டவும் ஏற்பாடு செய்தது. 1982இன் திருத்தம் வக்பு நியாய சபையைத் தந்தது. ஆனால் சட்டம் கேட்பது வரவும் செலவும் ஒத்துப்போகிறதா என்பதைத்தான். பிள்ளைக்குச் சோறு போனதா என்று அந்தக் கணக்குத்தாளில் ஒரு நிரல் இல்லை.

இன்னொரு அடியும் விழுந்தது. 1972ஆம் ஆண்டு 7ஆம் இலக்க வாடகைச் சட்டம் குடியிருப்பாளருக்குப் பெரிய காவல். பழைய கடைகளை வைத்திருந்த வக்புகளுக்கோ வாடகை அப்படியே உறைந்து போயிற்று. மாமாவின் மூன்று கடைகளில் ஒன்றின் மாத வாடகை இன்று ஒரு புரியாணிப் பொதிக்குக்கூடப் போதாது.

வெளியுலகம் கற்ற பாடம்

'எங்கே போடக் கூடாது' என்ற கேள்வியை மேற்குலகிலும் முதலில் சமயத்தவரே கேட்டார்கள். 1758இல் பிலடெல்பியாவின் குவேக்கர் சபை, அடிமைகளை வாங்குவதையும் விற்பதையும் தன் உறுப்பினருக்குத் தடுத்தது. 1977இல் லியோன் சலிவன் என்ற கறுப்பினப் போதகர், தென்னாபிரிக்காவில் தொழில் செய்யும் கம்பனிகளுக்கு நடத்தை விதிகளை வகுத்தார். அவர் ஜெனரல் மோட்டர்ஸ் கம்பனியின் பணிப்பாளர் சபையிலேயே இருந்தவர். 1980களில் பல்கலைக்கழகங்களும் ஓய்வூதிய நிதியங்களும் அந்தப் பங்குகளை விற்று வெளியேறத் தொடங்கின. 2006இல் ஐக்கிய நாடுகள் சபையின் ஆதரவுடன் பொறுப்பான முதலீட்டுக் கோட்பாடுகள் வெளியாயின. நிறுவன முதலீட்டாளர் பலர் அதில் கையொப்பமிட்டிருக்கிறார்கள்.

நமக்கு நெருக்கமான உதாரணம் மலேசியா. ஹஜ்ஜுக்குப் போக ஏழை விவசாயிகள் நிலத்தையும் மாட்டையும் விற்றார்கள். வட்டிக்கு அஞ்சிப் பணத்தை வீட்டிலேயே ஒளித்து வைத்தார்கள். பொருளியல் அறிஞர் உங்கு அஸீஸ் 1959இல் ஒரு யோசனையை முன்வைத்தார். அதிலிருந்து 1963இல் பிறந்த அமைப்பே இன்றைய தபுங் ஹாஜி. சில்லறையாகச் சேமித்த சல்லி பெரிய முதலீட்டாளராகியது.

ஆனால் அதிலும் இரண்டு எச்சரிக்கைகள் உண்டு. அதன் முதலீட்டில் ஒரு பகுதி செம்பனைத் தோட்டங்களுக்குப் போனது. செம்பனை ஹலால்தான். ஆனால் அந்தப் பயிருக்காகக் காடு அழிகிறது என்ற குற்றச்சாட்டு உலகெங்கும் உண்டு. நம் நாட்டு அரசாங்கமே 2021இல் அதன் செய்கையைத் தடை செய்தது. குர்ஆன் ஹலாலுடன் தய்யிபையும் சேர்த்தே சொல்கிறது. முதலாவதைத் தேடும் நாம் இரண்டாவதை மறந்துவிடுகிறோம். மற்ற எச்சரிக்கை, சொத்தைவிடப் பொறுப்பு கூடிப்போய் 2018இல் அந்த நிறுவனத்தை மறுசீரமைக்க வேண்டி வந்தமை. நல்ல நோக்கம் இருந்தால் கணக்கு தானாகச் சரியாகிவிடாது.

ஆசிரியை என்ற முறையில் என்னைக் கவர்ந்தது இன்னொன்று. 2015இல் மலேசியாவின் கஸானா நிறுவனம் 10 கோடி ரிங்கிட்டுக்கு ஒரு சுகூக் வெளியிட்டது. பணம் அரசாங்கப் பாடசாலைகளை மேம்படுத்தும் திட்டத்துக்கு. ஏழு வருடக் காலம். குறித்த இலக்குகளைப் பாடசாலைகள் முழுமையாக எட்டிவிட்டால், முதலிட்டவர்கள் தங்கள் முதலில் 6.22 சதவீதம் வரை விட்டுக்கொடுக்க வேண்டும். பிள்ளைகள் நன்றாகப் படித்தால் முதலாளிக்குச் சல்லி குறையும்! அதற்குச் சம்மதித்துத்தான் அவர்கள் கையொப்பமிட்டார்கள்.

இங்கே என்ன இருக்கிறது?

இலங்கையில் வங்கிச் சட்டம் 2005இல் திருத்தப்பட்டு இஸ்லாமிய வங்கிமுறைக்கு இடம் கிடைத்தது. 2011இல் அமானா வங்கி தொடங்கியது. மத்திய வங்கி 2019இல் நிலைபேறான நிதிக்கான வழிகாட்டியை வெளியிட்டது; 2022இல் எது 'பசுமை' என்று வகைப்படுத்தும் ஆவணத்தைத் தந்தது. 2025இல் நீர்மின் துறையிலுள்ள விதுலங்கா கம்பனியின் சுகூக் கொழும்புப் பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்டது. கதவு திறந்திருக்கிறது. ஆனால் 'பசுமை' என்ற பெயர்ப்பலகையைப் பார்த்து மட்டும் உள்ளே போகக் கூடாது.

நாட்டின் மிகப் பெரிய நிறுவன முதலீட்டாளர் 1958இன் சட்டத்தால் உருவான ஊழியர் சேமலாப நிதியம். தொழிலாளி 8 சதவீதம், முதலாளி 12 சதவீதம் செலுத்துகிறார்கள். அதன் பெரும்பகுதி திறைசேரி முறிகளில்தான் கிடக்கிறது. 2023இல் உள்நாட்டுக் கடன் மறுசீரமைப்பு வந்தபோதுதான், கொட்டாஞ்சேனை முதல் மலையகம் வரை உழைப்பவர்கள் 'எங்கட சல்லி எங்க இருக்கு?' என்று கேட்டார்கள். அந்தக் கேள்வியை நாற்பது வருடங்களுக்கு முன்பே கேட்டிருக்க வேண்டும். வக்புக்கும் இதே பாடம்தான்.

மாமாவுக்குச் சொன்னது

பெருநாள் கழிந்து மாமாவிடம் போனேன். அந்தப் பையனுக்கு உடனே ஆம் என்றும் சொல்ல வேண்டாம், இல்லை என்றும் சொல்ல வேண்டாம், மூன்று கேள்விகளைக் கேளுங்கள் என்றேன். மூலத்துக்குப் பாதுகாப்பு உண்டா? அந்தப் பணம் போய் வேலை செய்யும் இடம் ஹலாலும் தய்யிபுமா? உறுதியில் எழுதிய பிள்ளைக்கு அது என்ன செய்தது என்று வருடா வருடம் காட்ட முடியுமா?

"மூணாவதை அவனிட்டக் கேட்கத் தேவையில்ல, மகள்," என்றார் மாமா. "அதுக்குப் பதில் சொல்ல வேண்டியது நாங்கதானே."

நிலையான வைப்பு இன்னும் அதே வங்கியில்தான் இருக்கிறது; நம்பிக்கையாளர் சபை பேசிக்கொண்டிருக்கிறது. இடையில் ஒரு காரியம் நடந்தது. இந்த வருடக் கணக்கறிக்கையில், வரவு செலவுக்குக் கீழே, 'உறுதியின்படி பயன் பெற்ற பிள்ளைகள்' என்று ஒரு புது நிரலைச் சேர்த்திருக்கிறார்கள். அதில் எழுதியிருந்த எண் 0.

ஜும்ஆவுக்குப் பிறகு அதை வாசித்தபோது பள்ளியில் எல்லோரும் தலை குனிந்திருந்தார்களாம். வாசிக்காமல் விட்டிருந்தால் குனிந்திருக்க மாட்டார்கள். அடுத்த வருடம் அந்த நிரலில் வேறொரு எண் இருக்க வேண்டும், இன்ஷா அல்லாஹ். உங்கள் ஊர்ப் பள்ளிவாசலின் உறுதியையும் ஒருமுறை எடுத்து வாசித்துப் பாருங்கள்.