வட்டிக் கணக்கு நம் கைக்கு வந்த கதை

நம் மலரில் சேமிப்பைப் பற்றி நிறையப் பேர் எழுதுவார்கள் என்று தெரியும். அதனால் நான் கடனைப் பற்றி எழுதுகிறேன்.

குழு வருவதற்கு முன்னால் அவசரத்துக்கு நகையை அடகு வைப்போம். நகை இல்லாதவர்கள் எழுதாத புரோநோட்டில் கையெழுத்துப் போட்டு வட்டிக்கு வாங்குவார்கள். இல்லையென்றால் தண்டல். பத்தாயிரம் என்று எழுதிக்கொண்டு கையில் 8,500 தருவார்கள். தினம் 100 ரூபாய் வீதம் 100 நாள் கட்டணும். "1,500தானே கூட" என்றுதான் அம்மா காலத்துப் பெண்கள் நினைத்தார்கள். அந்த 8,500ஐ நூறு நாளும் முழுசா வைத்திருந்தாலே மாசம் நூத்துக்கு 5 ரூபாய்க்கு மேல் வட்டி. ஆனால் மறுநாளே திருப்பிக் கட்ட ஆரம்பித்துவிடுகிறோமே! ஐம்பதாம் நாள் பாதிப் பணம்கூட நம்மிடம் இல்லை. அப்படிப் பார்த்தால் சுமார் 10 ரூபாய் வட்டி ஆகிறது. இதை யாரும் அன்றைக்கு உட்கார்ந்து சொல்லித் தரவில்லை.

1989-ல் தருமபுரி மாவட்டத்தில், பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு நம் அரசு பெண்கள் குழுக்களை ஆரம்பித்தது. 1992-ல் நபார்டு வங்கி, குழுக்களுக்கு அடமானம் இல்லாமல் வங்கிக் கடன் கொடுக்கும் திட்டத்தை நாடு முழுக்க 500 குழுக்களை வைத்துச் சோதித்துப் பார்க்கத் தொடங்கியது. 1997-98-ல் மகளிர் திட்டம் வந்தது.

வங்கிக் கடனைத்தான் எல்லாரும் பெரிசா பேசுவார்கள். எனக்கு உள்கடன்தான் பெரிசு. 5,000 ரூபாய், பத்து மாசம், நூத்துக்கு 2 வட்டி. மாசம் 500 அசல் கட்டினால் முதல் மாசம் வட்டி 100, அடுத்த மாசம் 90, கடைசி மாசம் 10. மொத்தம் 550 ரூபாய். அசல் குறையக் குறைய வட்டியும் குறைகிறது. கடைசி வரைக்கும் முழு 5,000க்கே வட்டி போட்டிருந்தால் 1,000 ஆகியிருக்கும். இந்த வித்தியாசத்தைக் குழு நோட்டில்தான் நம் பெண்கள் கண்ணால் பார்த்தார்கள். அந்த 550ம் வெளியே போகாமல் நம் குழுவிலேயே தங்கியது.

2003-ல் கந்துவட்டி தடைச் சட்டம் வந்தது. அதற்காகத் தண்டல் ஒழிந்துவிடவில்லை. கூடவே வாரத் தவணைக் கம்பெனிகளும் தெருவுக்குத் தெரு வந்துவிட்டன. அங்கேயும் பத்துப் பெண்களை உட்கார வைத்து "குழு" என்றுதான் சொல்கிறார்கள். அதில் நம் சேமிப்பும் கிடையாது, தீர்மானப் புத்தகமும் கிடையாது. ஒருத்தி கட்டாவிட்டால் மற்றவர்கள் தலையில் விழும், அது மட்டும் உண்டு. 2010-ல் ஆந்திராவில் இந்தக் கடன்களால் பெரிய துயரமே நடந்தது. 2022-ல் ரிசர்வ் வங்கி போட்ட விதிப்படி, குடும்பத்தின் எல்லாக் கடன் தவணையும் சேர்ந்து மாச வருமானத்தில் பாதிக்கு மேல் போகக்கூடாது. முன்கூட்டியே கட்டி முடித்தால் அபராதமும் கிடையாது. வசூலுக்கு வருகிறவர்கள் காலை 9 மணிக்கு முன்னாலும் மாலை 6 மணிக்குப் பின்னாலும் தொந்தரவு செய்யக்கூடாது.

ஆனால் வருமானத்தில் பாதியைத் தாண்டிவிட்டோமா என்று யார் கூட்டிப் பார்ப்பது? ஒரு கடனை அடைக்க இன்னொரு கடன் வாங்குவது வீட்டுக்காரருக்கே தெரிவதில்லை. குழுக் கூட்டத்திலும் யாரும் வாய் திறப்பதில்லை. அதனால் எங்கள் குழுவில் போன வருஷம் உள்கடன் விண்ணப்பத்தில் ஒரு வரி சேர்த்தோம்: "வேறு எங்கே, வாரம் எவ்வளவு கட்டுகிறீர்கள்?" முதல் மாசம் ரெண்டு பேர்தான் எழுதினார்கள். இப்போது பதினொரு பேர் எழுதுகிறார்கள்.