வெள்ளத்துக்கு ஒதுங்கிய சட்டமன்றம்

1862 ஜனவரி 24 முதல் மே 15 வரை கலிபோர்னியா மாநிலத்தின் சட்டமன்றம் அதன் தலைநகரில் கூடவில்லை. தலைநகரான சாக்ரமெண்டோவில் தண்ணீர் வடியாமல் நின்றது. செனட், அசெம்பிளி ஆகிய இரண்டு அவைகளும் நீராவிப் படகேறி சான் பிரான்சிஸ்கோவுக்குப் போய், பேட்டரி தெருவில் இருந்த மெர்ச்சண்ட்ஸ் எக்ஸ்சேஞ்ச் என்ற வணிகர் கட்டடத்தில் அமர்வை நடத்தி முடித்தன. இந்த இடப்பெயர்வு நான்கு மாதத்தில் முடிந்துவிட்டது. ஆற்றுக்குக் கரை கட்டுவது யார் பொறுப்பு, கட்டிய கரை உடைந்தால் ஈடு செய்வது யார் என்ற கேள்விக்கு விடை காணத்தான் ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டு ஆனது.

பள்ளத்தில் அமைந்த தலைநகர்

சியரா நெவாடா மலையிலிருந்து இறங்கிவரும் அமெரிக்கன் ஆறு, வடக்கிலிருந்து வரும் சாக்ரமெண்டோ ஆற்றோடு கலக்கும் இடத்தில் நகரம் இருக்கிறது. 1848 ஜனவரியில் அமெரிக்கன் ஆற்றின் தென்கிளையில், கொலோமா என்ற ஊரில், தங்கம் கிடைத்தது. தங்கம் தேடிப் புறப்பட்டவர்கள் படகை விட்டு இறங்கும் துறை இந்தக் கூடுதுறையில் உருவானது. துறையை ஒட்டி ஊர் வளர்ந்தது. வியாபாரத்துக்கு வாகான இடம், குடியிருப்புக்கு ஆகாத இடம். 1850 ஜனவரியிலேயே ஊர் மூழ்கியது. கரை கட்டியே தீர வேண்டும் என்று வாதாடிய ஹார்டின் பிக்லோவை மக்கள் அதே ஆண்டு முதல் மேயராகத் தேர்ந்தெடுத்தார்கள். மண்கரை எழுந்தது. ஆனால் 1852, 1853 ஆண்டுகளில் வெள்ளம் மறுபடி ஊருக்குள் வந்தது.

ஆற்றின் அமைப்பே இதற்குக் காரணம். ஆண்டுக்கணக்கில் படிந்த வண்டல் ஆற்றின் இருபுறமும் இயற்கையான மேடாக உயர்ந்திருந்தது. மேட்டுக்கு அப்பால் நிலம் தாழ்ந்து, கோரை மண்டிய அகலமான படுகைகளாகக் கிடந்தது. பெருமழை பெய்தால் அந்த நீர் முழுவதையும் ஆற்றின் வாய்க்கால் கொள்ளாது. மேட்டைத் தாண்டி வழியும் நீர் படுகைகளில் நிரம்பி, வாரக்கணக்கில் நின்று மெல்ல வடியும். குடியேறியவர்கள் வீணாகக் கிடக்கும் சதுப்பு என்று எண்ணிய நிலம் உண்மையில் ஆற்றின் இன்னொரு பாதி.

சான் ஹோசே, வல்லேஹோ, பெனிசியா என்று ஊர் ஊராக அலைந்த தலைநகர் 1854இல் சாக்ரமெண்டோவில் நிலைகொண்டது. ஏழாம் தெருவும் ஐ தெருவும் சந்திக்கும் முனையில் இருந்த கவுண்டி நீதிமன்றக் கட்டடத்திலேயே சட்டமன்றம் நடந்தது. சட்டமன்றத்துக்கென்று ஒரு தனிக் கட்டடம் கட்ட 1861 மே 15 அன்று அடிக்கல் நாட்டப்பட்டது. அதற்குப் பின் வந்த முதல் குளிர்காலம்தான் கலிபோர்னியா தன் வரலாற்றில் கண்ட மிகப் பெரிய வெள்ளத்தைக் கொண்டுவந்தது.

மூன்று மாத மழை

1861 நவம்பர் தொடக்கத்தில் பிடித்த மழை விட்டு விட்டு ஜனவரி இறுதிவரை பெய்தது. மலையில் முதலில் கனத்த பனி விழுந்தது. பின்னால் வந்த சூடான மழை அந்தப் பனியைக் கரைத்துக்கொண்டு இறங்கியது. மலையடிவாரச் சுரங்க ஊரான சொனோராவில் இரண்டு மாதங்களில் 102 அங்குலம் மழை பதிவானது. சான் பிரான்சிஸ்கோவில் 1862 ஜனவரியில் மட்டும் 24 அங்குலத்துக்கு மேல் பெய்தது.

டிசம்பர் 9 அன்று சாக்ரமெண்டோவின் கிழக்கே அமெரிக்கன் ஆற்றுக் கரை உடைந்து, சில மணி நேரத்தில் நகரம் நிரம்பியது. நகரின் தெற்கு எல்லையில் ஆர் தெரு வழியாக ரயில் பாதைக்காகப் போட்ட உயரமான மண்கரை ஒன்று இருந்தது. வெள்ளத்தை வெளியே நிறுத்த வேண்டிய அந்தக் கரை, உள்ளே வந்துவிட்ட நீரை வெளியே போகவிடாமல் தேக்கியது. கரைக்கு உள்ளே நீர்மட்டம் ஏறிக்கொண்டே போக, வெளியே தாழ்ந்திருந்தது. கடைசியில் விலங்கு பூட்டிய கைதிகளை அனுப்பி அந்தக் கரையை வெட்டிவிட்டார்கள். வெட்டிய வாய் வழியே பாய்ந்த நீர் சுமார் 25 வீடுகளை இழுத்துக்கொண்டு போனது. உள்ளூர் தரும அமைப்பான ஹவர்ட் சங்கம் வேளாண் கண்காட்சிக் கூடத்தில் வீடிழந்தவர்களைத் தங்கவைத்துச் சோறு போட்டது. சான் பிரான்சிஸ்கோ மக்கள் படகில் உணவும் துணியும் அனுப்பினார்கள். வெள்ள நிவாரணம் அரசாங்கத்தின் வேலை என்ற எண்ணம் அன்று வேரூன்றியிருக்கவில்லை.

ஜனவரியில் கலிபோர்னியாவின் மத்தியப் பள்ளத்தாக்கு முழுவதும் ஏறக்குறைய 300 மைல் நீளமும் 20 மைல் அகலமும் கொண்ட ஏரியானது. தந்திக் கம்பங்களின் உச்சி வரை நீர் நின்றது. நாட்டின் கிழக்குக் கரையையும் மேற்குக் கரையையும் மூன்று மாதங்களுக்கு முன்புதான் இணைத்திருந்த தந்தித் தடம் அறுந்தது. நீராவிப் படகுகள் ஆற்றை விட்டு விலகி, வயல்களின் மேலே பல மைல் தூரம் ஓடி மாடுகளை மேட்டுக்கு ஏற்றிச் சென்றன. அவை எட்டாத இடங்களில் மாடுகள் லட்சக்கணக்கில் மடிந்தன. தெற்கே சாந்தா ஆனா ஆற்றங்கரையில் இருந்த ஆகுவா மான்சா என்ற ஊர் ஜனவரி 22 இரவு அடியோடு போனது.

படகில் வந்த ஆளுநர்

சட்டமன்றத்தின் பதின்மூன்றாவது அமர்வு ஜனவரி 6 அன்று தொடங்கியது. புதிதாகத் தேர்வான ஆளுநர் லேலண்ட் ஸ்டான்ஃபோர்டு பதவியேற்க 10ஆம் தேதி குறித்திருந்தார்கள். அன்று கரை மறுபடி உடைந்தது. சாக்ரமெண்டோ ஆறு கோடைகால மட்டத்துக்கு மேல் 24 அடி உயர்ந்தது. ஸ்டான்ஃபோர்டு துடுப்புப் படகில் ஏறிச் சட்டமன்றத்துக்குப் போய்ப் பதவியேற்றார். திரும்பியபோது வாசலால் நுழைய முடியாத அளவுக்கு வீட்டில் தண்ணீர் ஏறியிருந்ததால் ஜன்னல் வழியே உள்ளே போனார். அன்றைய தொடக்க உரை ரயில் பாதையையும் மாநிலத்தின் கடனையும் சீனத் தொழிலாளர் வருகையைத் தடுக்க வேண்டியதையும் பற்றிப் பேசியது.

அடுத்த இரண்டு வாரங்கள் அவைக்கு முன் இருந்த கேள்வி, எங்கே கூடுவது என்பது. 1849 அரசியல் சட்டத்தின்படி தலைநகரை நிரந்தரமாக மாற்ற ஒவ்வொரு அவையிலும் மூன்றில் இரண்டு பங்கு உறுப்பினர்கள் இசைய வேண்டும். ஆனால் ஓர் அவை மற்ற அவையின் சம்மதத்தோடு தன் கூட்டத்தை வேறொரு இடத்துக்கு ஒத்திவைக்கலாம். இந்த இரண்டாவது வழியையே கையாண்டார்கள்: தலைநகரைத் தொடாமல் அமர்வை மட்டும் இடம் மாற்றும் கூட்டுத் தீர்மானம் நிறைவேறியது. சாக்ரமெண்டோக்காரர்கள் இதைக் கலக்கத்தோடு பார்த்தார்கள். பத்தாண்டுக்குள் பல ஊர் மாறிய தலைநகர் அது. போனது திரும்பி வராமல் போகவும் கூடும்.

புவியியல் ஆய்வுக் குழுவில் இருந்த வில்லியம் ப்ரூவர் அந்த மாதங்களில் எழுதிய கடிதங்கள் அரசின் நிலையைக் காட்டுகின்றன. மாநிலத்தின் வரி விதிக்கத்தக்க சொத்தில் கால்பங்கு அழிந்துவிட்டது என்பது அவர் கணக்கு. சாலைகள் அழிந்து தபால் நின்றது. கருவூலம் காலியாகி, ஆளுநர் முதல் ஆய்வுக் குழு வரை யாருக்கும் சம்பளம் வரவில்லை. புதிய சட்டமன்றக் கட்டடத்தின் ஒப்பந்தக்காரர்களும் வெள்ளத்தில் நொடித்துப்போனார்கள். அந்தக் கட்டடத்தில் அவைகள் குடிபுக 1869 ஆனது. 1874இல்தான் அது முழுமை பெற்றது.

கரைக்குப் பணமும் ஆளும்

சான் பிரான்சிஸ்கோவில் நடந்த அமர்வு சாக்ரமெண்டோவுக்கென்று ஒரு கரை ஆணையத்தை ஏற்படுத்த வழி செய்தது. செலவு நகரத்தின் தலையில் விழுந்தது. கரைகளை உயர்த்தினார்கள், அமெரிக்கன் ஆற்றின் வளைவை வெட்டி நேராக்கி, அது கலக்கும் இடத்தை வடக்கே தள்ளினார்கள். அதோடு நிற்காமல் நகரத்தையே உயர்த்தினார்கள். வணிகத் தெருக்களில் கடை முன்பாகச் செங்கல் சுவர் எழுப்பி, இரண்டு சுவர்களுக்கு நடுவே மண் கொட்டித் தெருவைப் பத்தடி வரை மேடாக்கினார்கள். வசதி உள்ளவர்கள் கட்டடத்தின் அடியில் திருகு ஜாக்கிகளை வைத்து, அங்குலம் அங்குலமாகத் தூக்கிப் புதிய அடித்தளம் போட்டார்கள். முடியாதவர்கள் தரைத்தளத்தை அப்படியே விட்டுவிட்டு மாடியில் வாசல் வைத்துக்கொண்டார்கள். மண்ணுக்குள் போன அந்தத் தரைத்தளங்களையும் பழைய நடைபாதைகளையும் இன்றும் பழைய சாக்ரமெண்டோவின் அடியில் பார்க்கலாம்.

அதே அமர்வு ஏப்ரல் 26 அன்று இன்னொரு சட்டத்தையும் நிறைவேற்றியது. வெள்ளையர் உழைப்பைச் சீனக் கூலிகளின் போட்டியிலிருந்து காப்பது என்ற பெயரில், சீனர்கள் மீது மாதம் இரண்டரை டாலர் வரி போட்டது. மாநில உச்ச நீதிமன்றம் அந்த வரியை அதே ஆண்டில் செல்லாததாக்கியது. அதற்குப் பின் வந்த ஆண்டுகளில் ஆற்றின் கழிமுகச் சதுப்புகளுக்குக் கரை போட்டவர்களில் பெரும்பாலோர் சீனத் தொழிலாளர்களே. மண்வெட்டியும் தள்ளுவண்டியும் கொண்டு, இடுப்பளவுச் சேற்றில் நின்று கரையை எழுப்பினார்கள். குதிரைகள் சேற்றில் புதையாமல் இருக்க அவற்றின் குளம்புகளில் அகலமான தட்டைக் காலணிகளைக் கட்டினார்கள்.

அக்கரைக்கும் இக்கரைக்கும் போட்டி

படுகை நிலங்களை வெள்ளத்திலிருந்து மீட்க மாநிலத்திடம் ஏற்கெனவே ஒரு திட்டம் இருந்தது. மத்திய அரசு 1850இல் சதுப்பு நிலங்களை மாநிலங்களுக்குக் கொடுத்திருந்தது. கலிபோர்னியாவின் பங்கு 20 லட்சம் ஏக்கருக்கு மேல். ஏக்கர் ஒரு டாலருக்கு விற்று, அந்தப் பணத்திலேயே கரை கட்ட வேண்டும் என்பது ஏற்பாடு. இதற்காகச் சட்டமன்றம் 1861இல் சதுப்பு நில ஆணையம் ஒன்றை அமைத்தது. ஒரு படுகை முழுவதையும் ஒரே அலகாகக் கொண்டு கரை வகுப்பது அதன் நோக்கம். ஏக்கருக்கு ஒரு டாலர் எந்த மூலைக்கும் போதவில்லை. 1866இல் ஆணையத்தைக் கலைத்து அதிகாரத்தைக் கவுண்டிகளிடம் கொடுத்தார்கள். கொலூசாவைச் சேர்ந்த வில் கிரீன் கொண்டுவந்த 1868 சட்டம் ஒருவர் வாங்கக்கூடிய நிலத்துக்கு இருந்த உச்சவரம்பையும் நீக்கி, கரைப் பொறுப்பை நில உரிமையாளர்களின் கையில் விட்டது.

விளைவு எதிர்பார்த்ததே. ஒருவன் தன் கரையை ஓர் அடி உயர்த்தினால் தண்ணீர் எதிர்க்கரைக்காரன் நிலத்தில் ஏறும். அவன் இரண்டடி உயர்த்துவான். மழைக்காலத்தில் எதிர்க்கரையார் வந்து வெட்டிவிடுவார்களோ என்று இரவில் காவல் நின்றார்கள். இதற்கிடையில் மலையில் பீச்சுநீர் கொண்டு குன்றுகளைக் கரைத்துத் தங்கம் அரித்தவர்கள் வெளியேற்றிய கல்லும் மண்ணும் ஆற்றுப் படுகையை மேடாக்கின. கரை எவ்வளவு உயர்ந்தாலும் ஆறும் கூடவே உயர்ந்தது.

1878இல் சட்டமன்றம் மாநிலப் பொறியாளர் பதவியை உருவாக்கி வில்லியம் ஹாமண்ட் ஹாலை அமர்த்தியது. அவரது ஆய்வை ஒட்டி, மாநிலம் முழுவதும் வரி தண்டி மண்தடுப்பு அணைகள் கட்ட 1880இல் வடிகால் சட்டம் வந்தது. மாநில உச்ச நீதிமன்றம் 1881இல் அதை ரத்து செய்தது. பீச்சுநீர்ச் சுரங்கக் கழிவை ஆற்றில் விடுவதற்கு முற்றுப்புள்ளி வைத்தது 1884இல் நீதிபதி லோரன்சோ சாயர் அளித்த தீர்ப்பு.

மாநிலம் ஏற்ற பொறுப்பு

1907இல் வந்த வெள்ளத்தில் வினாடிக்கு சுமார் 6 லட்சம் கன அடி நீர் ஓடியது. அதுவரை போட்ட திட்டங்கள் எல்லாம் இதில் பாதியைத்தான் கணக்கில் கொண்டிருந்தன. 1909 வெள்ளம் அதை உறுதி செய்தது. ராணுவப் பொறியாளர் தாமஸ் ஜாக்சன் 1910இல் தந்த அறிக்கை, ஆற்றை அதன் வாய்க்காலுக்குள் அடக்கும் எண்ணத்தைக் கைவிட்டது. சில இடங்களில் கரையைத் தாழ்த்திக் கலிங்கு கட்டி, மிகுதி நீரைப் பழைய படுகைகளின் வழியே அகலமான வடிகாலில் விட வேண்டும் என்றது. 1911 இறுதியில் கூடிய சிறப்பு அமர்வில் சட்டமன்றம் இந்தத் திட்டத்தை ஏற்று, அதற்கு மாறாக யாரும் தன்னிச்சையாகக் கரை கட்டாதபடி கட்டுப்படுத்த நில மீட்பு வாரியத்தை அமைத்தது. 1917இல் மத்திய அரசும் செலவில் பங்கேற்றது.

சாக்ரமெண்டோவுக்கு சற்று மேலே 48 கதவுகள் கொண்ட கலிங்கு 1916இல் முடிந்தது. அதற்கும் வடக்கே ஃப்ரீமாண்ட் கலிங்கு 1924இல் எழுந்தது. இவை வழிந்தால் நீர் சுமார் 59,000 ஏக்கர் பரப்புள்ள யோலோ வடிகாலில் இறங்கும். பெருவெள்ளத்தில் நகரத்தை ஒட்டிய ஆற்றில் போவதைப் போல நான்கு மடங்கு நீர் வடிகாலில் போகும்படி வடிவமைத்திருக்கிறார்கள். மழை இல்லாத மாதங்களில் அங்கே நெல்லும் தக்காளியும் விளைகின்றன.

கரை உடைந்தால் ஈடு செய்வது யார் என்ற கடைசிக் கேள்வி நீதிமன்றத்தில் தீர்ந்தது. 1986 பிப்ரவரியில் யூபா ஆற்றின் கரை லிண்டா என்ற ஊரில் உடைந்தது. அது உள்ளூர்க்காரர்கள் சுரங்கக் கழிவு மண்ணைக் கொண்டு எப்போதோ கட்டிய கரை; மாநிலம் பின்னால் அதைத் தன் வெள்ளத் தடுப்பு அமைப்பில் சேர்த்துக்கொண்டிருந்தது. வேறு யாரோ கட்டியது என்று சொல்லி மாநிலம் விலக முடியாது, அமைப்பில் ஏற்றுக்கொண்ட கரையின் குறைக்கும் மாநிலமே பொறுப்பு என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் 2003இல் தீர்ப்பளித்தது. சுமார் 3,000 பேர் தொடுத்த அந்த வழக்கு 46.4 கோடி டாலர் இழப்பீட்டில் முடிந்தது. 2007இல் சட்டமன்றம் பழைய நில மீட்பு வாரியத்தை மத்தியப் பள்ளத்தாக்கு வெள்ளப் பாதுகாப்பு வாரியமாக மாற்றியது. அப்பகுதி நகரங்கள் புதிய குடியிருப்புகளை அனுமதிக்க, 200 ஆண்டுக்கு ஒருமுறை வரக்கூடிய வெள்ளத்தைத் தாங்கும் பாதுகாப்பு இருக்க வேண்டும் என்ற விதியும் அந்த ஆண்டில்தான் வந்தது.