பண்டிகை அரிசியும் சுகர் மாத்திரையும்

புதுக்கோட்டை தனி சமஸ்தானமாக இருந்த காலத்தில் நவராத்திரி வந்துவிட்டால் ஊரே கொண்டாட்டமாக இருக்கும். தொண்டைமான் மன்னர்கள் அந்த நாட்களில் மக்களுக்கு அரிசி அளந்து கொடுப்பது வழக்கம். கூடவே ஒரு சின்னச் செப்புக்காசும் உண்டு. ஒரு பக்கம் பிரகதாம்பாள் உருவம், மறுபக்கம் தெலுங்கு எழுத்தில் "விஜய". இதுதான் புகழ்பெற்ற அம்மன் காசு. பழைய நாணயம் சேகரிப்பவர்கள் இன்றும் அதைத் தேடிக்கொண்டிருக்கிறார்கள். ஆனால் இந்தக் கட்டுரை காசைப் பற்றியது அல்ல. காசோடு கொடுத்த அரிசியைப் பற்றியது!

அரிசியைப் போய் ஏன் பண்டிகைக்குப் பரிசாகக் கொடுத்தார்கள்? காரணம் எளிது. புதுக்கோட்டைச் சீமையின் பெரும்பகுதி வானம் பார்த்த பூமி. மழை பெய்து கண்மாய் நிறைந்தால்தான் நெல். இல்லாவிட்டால் வரகு, சாமை, கேழ்வரகு, கம்பு. சாதாரணக் குடியானவர் வீட்டில் தினசரிச் சாப்பாடு கூழும் களியும்தான். நெல்லுச்சோறு விசேஷ நாளுக்கு. இட்லி, தோசை தீபாவளிக்கும் பொங்கலுக்கும். அதிரசமும் சர்க்கரைப் பொங்கலும் வருடத்தில் எண்ணி நாலைந்து முறை. மற்ற நாளெல்லாம் ஏர், ஏற்றம், கதிர் அறுப்பு, பல மைல் நடை. ஒரு நாள் வயிறாரச் சாப்பிட்டதை மறுநாள் வேலை செரித்துவிடும். "ஒரு நாள்தானே, சாப்பிடு" என்று பாட்டிமார் சொன்னது அந்தக் காலத்துக்கு முழுக்கச் சரி.

1948 மார்ச்சில் சமஸ்தானம் இந்தியாவோடு இணைந்தது. 1974 ஜனவரி 14, பொங்கல் நாளன்று புதுக்கோட்டை தனி மாவட்டமானது. இதற்கிடையில் பம்புசெட், புதிய நெல் ரகம், உரம், மில் எல்லாம் வந்துவிட்டன. பிறகு ரேஷன் அரிசி. 2006-ல் கிலோ 2 ரூபாய், 2008-ல் 1 ரூபாய், 2011 முதல் இலவசம். பட்டினியை ஒழித்ததில் இதற்குப் பெரிய பங்கு உண்டு, அதைக் குறை சொல்ல யாருக்கும் மனம் வராது. ஆனால் பண்டிகைச் சோறு தினசரிச் சோறானது. அதுவும் தவிடு நீக்கித் தீட்டிய வெள்ளைச் சோறு. அதே காலத்தில் நடை போய் மொபெட் வந்தது, ஏர் போய் டிராக்டர் வந்தது.

உடம்பின் கணக்கில் வரவு ஏறிவிட்டது, செலவு இறங்கிவிட்டது. மிச்சம் ரத்தத்தில் நின்றது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் பெரிய ஆய்வில் 2011-ல் வெளியான முடிவுப்படி தமிழ்நாட்டில் பெரியவர்களில் 10.4 சதவீதம் பேருக்கு நீரிழிவு. அதே ஆய்வின் 2023 அறிக்கையில் இது 14.4 சதவீதம். நாடு முழுவதும் சுமார் 10 கோடிப் பேர். இதில் மிகப் பெரும்பாலும் இரண்டாம் வகை நீரிழிவுதான்.

இனி மருந்தின் கதைக்கு வருவோம். 1921-ல் கனடாவின் டொரன்டோ நகரில் பேன்டிங்கும் பெஸ்ட்டும் இன்சுலினைப் பிரித்தெடுத்தார்கள். 1922 ஜனவரியில் லியனார்ட் தாம்சன் என்ற 14 வயதுச் சிறுவனுக்கு முதல் ஊசி போடப்பட்டது. அதுவரை டாக்டர்களிடம் இருந்த ஒரே வைத்தியம் பட்டினி! இன்று நம் ஊரில் அதிகம் பேர் விழுங்கும் மெட்பார்மினும் அதே 1922-ல் அயர்லாந்தில் தயாரிக்கப்பட்டதுதான். ஆனால் அதை யாரும் கண்டுகொள்ளவில்லை. 1957-ல் ழான் ஸ்டெர்ன் என்ற பிரெஞ்சு டாக்டர்தான் அதை நீரிழிவுக்குப் பயன்படுத்திக் காட்டினார்.

இன்னொரு வகை மாத்திரையின் கதை இதைவிட முக்கியம். 1942-ல் பிரான்சின் மான்ட்பெலியே நகரில் டைபாய்டு நோயாளிகளுக்கு ஒரு புதிய சல்பா மருந்தைக் கொடுத்துப் பார்த்தார்கள். போர்க்காலம், சரியான சாப்பாடு இல்லாத நோயாளிகள். அவர்களில் சிலருக்கு ரத்தத்தில் சர்க்கரை அளவு தடாலென்று இறங்கியது. சிலர் இறந்தும் போனார்கள். கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்க வைப்பதுதான் அந்த மருந்தின் வேலை என்பது பிறகு தெரிந்தது. அந்தக் குடும்பத்தில் பிறந்தவைதான் இன்றைய கிளிபென்கிளமைடும் கிளிமிபிரைடும். அதாவது, வெறும் வயிற்றில் ஆளைச் சாய்க்கும் என்பது இந்த மருந்தைப் பற்றி உலகம் தெரிந்துகொண்ட முதல் பாடம். விரத நாளில் இதை மறந்துவிடக் கூடாது!

தமிழ்நாட்டுக் கதை 1948-ல் தொடங்குகிறது. புதுக்கோட்டை இணைந்த அதே வருடம் சென்னை ஸ்டான்லி மருத்துவமனையில் டாக்டர் எம். விஸ்வநாதன் நீரிழிவுக்கென்று தனிப் பிரிவைத் தொடங்கினார். 1954-ல் ராயபுரத்தில் தனி மருத்துவமனை. மேல்நாட்டில் மாவுச்சத்தைக் கடுமையாகக் குறைக்கச் சொல்லிக்கொண்டிருந்தபோது, சோறு தின்னும் மக்களுக்கு அது நடக்காது என்பதை அவர் புரிந்துகொண்டார். தானியம் இருக்கட்டும், கூடவே பருப்பும் காயும் நார்ச்சத்தும் ஏறட்டும் என்பது அவர் வழி. 2006-ல் வெளிவந்த இன்னொரு இந்திய ஆய்வு அடுத்த படி. நீரிழிவின் விளிம்பில் இருந்த 531 பேரைச் சுமார் மூன்று வருடம் கவனித்தார்கள். சிறப்பு ஆலோசனை பெறாதவர்களில் 55 சதவீதம் பேருக்கு நோய் வந்தது. உணவையும் நடையையும் மாற்றியவர்களில் அது 39 சதவீதம்தான்.

சரி, பண்டிகைக்கு வருவோம். இன்று நடப்பது என்ன? மூன்று தவறுகள் திரும்பத் திரும்ப நடக்கின்றன.

முதலாவது, "இன்னைக்கு ஸ்வீட் சாப்பிடப் போறேன், ரெண்டு மாத்திரை போட்டுக்கிறேன்" என்பது. மாத்திரை ரப்பர் அல்ல, தின்றதை அழிக்க! கூடுதல் மாத்திரை பல மணி நேரம் வேலை செய்யும். நடுராத்திரியில் சர்க்கரை இறங்கிப் போகலாம்.

இரண்டாவது, விரதம். நார்த்தாமலை மாரியம்மனுக்குப் பால்குடம் எடுப்பவர் காலை முதல் சாப்பிடாமல் பங்குனி வெயிலில் நடக்கிறார். கோட்டைப்பட்டினத்திலும் மீமிசலிலும் ரமலானில் நாள் முழுக்க நோன்பு. இந்தியா உட்பட 13 நாடுகளில் நடந்து 2004-ல் வெளியான ஓர் ஆய்வில், இரண்டாம் வகை நீரிழிவு உள்ளவர்களுக்குச் சர்க்கரை ஆபத்தாக இறங்குவது நோன்பு மாதத்தில் ஏழு மடங்குக்கு மேல் கூடியது தெரிந்தது. இதற்கு வழி இல்லாமல் இல்லை. நோன்புக்குச் சில வாரம் முன்பே டாக்டரைப் பார்த்தால் மாத்திரையின் அளவையும் நேரத்தையும் மாற்றித் தருவார். விரலில் குத்திச் சோதிப்பதால் நோன்பு முறியாது. அளவு 70-க்குக் கீழே போனால் நோன்பை விட்டுவிட வேண்டும். நோயாளிக்கு மார்க்கத்திலேயே சலுகை இருக்கிறது.

மூன்றாவது, லீவுக்கு ஊருக்குப் போகும்போது மாத்திரையை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போவது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் மாத்திரை வீடு தேடி வருகிறது. வந்த மாத்திரை பைக்குள் ஏற வேண்டாமா? இன்சுலின் போடுபவர் அதை வெயிலில் நிற்கும் காருக்குள் வைத்துவிட்டுப் போகவும் கூடாது.

சாப்பாட்டிலும் சில ஏமாற்றங்கள் உண்டு. வெல்லமும் கருப்பட்டியும் ரத்தத்தில் சர்க்கரையாகத்தான் ஏறும். முறுக்கு இனிக்காது, ஆனால் அதுவும் அரிசி மாவுதான். சர்க்கரைப் பொங்கல் இரண்டு கரண்டி வேண்டுமென்றால் அந்த வேளைச் சோற்றில் அதைக் கழித்துவிட வேண்டும். காயும் சுண்டலும் முதலில், சோறு பிறகு, சாப்பிட்டதும் கொஞ்சம் நடை. கை நடுங்கி வியர்த்துத் தலை சுற்றினால் உடனே மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்க வேண்டும். 15 நிமிடம் கழித்து மறுபடி சோதிக்க வேண்டும். மயங்கியவர் வாயில் மட்டும் எதையும் ஊற்றக் கூடாது, நேராக ஆஸ்பத்திரிதான்.

"ஒரு நாள்தானே" என்பவர்கள் ஒரு காகிதத்தில் கூட்டிப் பார்க்கலாம். பொங்கல் மூன்று நாள், திருவப்பூர் மாசித் திருவிழா, பங்குனி, சித்திரை, ஆடி, நவராத்திரி, தீபாவளி, கிறிஸ்துமஸ், நடுவில் கல்யாணம், காதுகுத்து, கிரகப்பிரவேசம், கிடா வெட்டு... தாத்தா காலத்தில் வருடத்துக்கு நாலைந்தாக இருந்த "ஒரு நாள்" இப்போது மாதத்துக்கு நாலைந்து. மூன்று மாதச் சராசரியைக் காட்டும் ரத்தப் பரிசோதனை அத்தனையையும் சேர்த்துத்தான் கணக்குச் சொல்லும்.

பண்டிகையை யாரும் விட வேண்டாம். பண்டிகையைப் பண்டிகை நாளில் மட்டும் வைத்துக்கொண்டு, மற்ற நாட்களை மறுபடி சாதாரண நாட்களாக்கினால் போதும். தீபாவளிப் பையில் புதுத்துணியோடு அந்த மாத்திரை அட்டையும் இருக்கட்டும்.