அமெரிக்கா போன பாம்புக்காரர்கள்

எங்கள் கம்பம் பள்ளத்தாக்கிலே மலைப்பாம்புக்குத் தனி மரியாதை உண்டு. மேகமலை அடிவாரத்துத் தோப்பில் எப்போதாவது ஒன்று வந்து படுத்துவிட்டால், வனத்துறையார் சாக்கில் பிடித்துப் போய்க் காட்டிலே விட்டு வருவார்கள். அதன் பர்மாப் பங்காளிக்கு அமெரிக்காவில் நடக்கிற உபசாரமே வேறு!

பிளாரிடாவின் எவர்கிளேட்ஸ் சதுப்புக்காட்டுக்கு அந்தப் பாம்பு தானாக நீந்திப் போகவில்லை. ஆசைக்கு வளர்க்க வாங்கினவர்கள், அது பத்தடி பன்னிரண்டடி என்று நீண்டதும் பயந்துபோய்க் காட்டில் விட்டார்கள். 1992இல் அடித்த ஆண்ட்ரூ புயலில் ஒரு பாம்புப் பண்ணையும் இடிந்தது. 2000 வாக்கில் அவை அங்கே குடியும் குடித்தனமுமாகிவிட்டது ஊர்ஜிதமாயிற்று. ஒரு பெட்டை ஒரே ஈட்டில் 50 முட்டைக்கு மேலும் இடும். சாலையோரம் சர்வசாதாரணமாகத் தென்பட்ட ரக்கூன் என்ற பிராணி, 100க்கு 99 பங்கு குறைந்துவிட்டதாக 2012இல் ஓர் ஆராய்ச்சி சொல்லிற்று. அந்தப் பாம்பின் இறக்குமதியைச் சர்க்கார் தடுத்ததும் அதே வருஷத்தில்தான். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்!

2013இல் பரிசு அறிவித்துப் போட்டி வைத்தார்கள். ஏறக்குறைய 1600 பேர் ஒரு மாதம் அலைந்து 68 பாம்பு பிடித்தார்கள். ஆசாமிக்குக் கால் பாம்புகூடத் தேறவில்லை.

2017 ஜனவரியில்தான் செங்கற்பட்டுப் பக்கத்து இருளர்களான மாசி சடையனும் வடிவேல் கோபாலும் விமானம் ஏறினார்கள். வழிச்செலவு, மொழிபெயர்ப்பாளர் எல்லாம் சேர்த்து ஏறக்குறைய 69 ஆயிரம் டாலர் என்று கணக்கு. காரில் போய்ச் சாலையோரம் பார்ப்பது அவர்களுக்குப் பழக்கமில்லை; கோரைப்புல்லை விலக்கிக்கொண்டு நடந்தார்கள். ஊர்ந்த தடம், எச்சம், கழற்றிய சட்டை இவைதான் அவர்களுக்குப் பஞ்சாங்கம். முதல் வாரம் சொச்சத்தில் 13 பாம்பு! பழைய ஏவுகணைத் தளத்து இடிபாட்டிலிருந்து வந்த பெட்டை ஒன்று 16 அடி.

இது வெற்றியா? பல்லாயிரம் பாம்பு உள்ள இடத்தில் 13 எந்த மூலைக்கு? அந்தக் கணக்கில் தோல்விதான். ஆனால் 1600 பேரையும் இரண்டு பேரையும் பக்கத்தில் நிறுத்திப் பார்த்தால் சமாசாரம் வேறாகிறது. பாம்புத் தோல் விற்றுப் பிழைத்த இருளர்களின் ஜீவனத்தை 1970களில் சட்டம் நிறுத்தியது. சட்டம் நியாயமானதுதான், பசி மட்டும் அதற்குக் கட்டுப்படவில்லை. 1978இல் வடநெம்மேலியில், மருந்துக்காக விஷம் எடுக்கும் கூட்டுறவுச் சங்கம் பிறந்திராவிட்டால் அந்த வித்தை அன்றே மறைந்திருக்கும். பிளாரிடாக்காரர் அழைக்க ஆளே இருந்திருக்காது. சுருளி மலையில் தேனெடுக்கும் எங்கள் பளியரைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இந்தக் கவலை வருகிறது.

2017 மார்ச் முதல் பிளாரிடாவில் மணிக்கூலி கொடுத்து, பாம்பின் நீளத்துக்குத் தக்கபடி மேற்பணமும் கொடுத்து, உள்ளூர் வேட்டைக்காரர்களை அமர்த்தியிருக்கிறார்கள். மாசிக்கும் வடிவேலுக்கும் 2023இல் பத்மஸ்ரீ கிடைத்தது.