உபதேசியார் வீட்டு மருந்துச் செலவு



விழா மலர் என்றால் கோயில் கட்டிய கதை இருக்கும். கொடிமரம் நட்ட கதையும், பெரிய மணி வந்து இறங்கிய கதையும் இருக்கும். அந்தக் கோயிலில் உழைத்தவர்கள் நோயில் விழுந்தபோது மருந்துச் செலவை யார் கொடுத்தார்கள் என்ற கதையை மட்டும் எந்த மலரிலும் நாம் படித்ததில்லை. மலர்க் குழுவினர் கட்டுரை கேட்டபோது அதையே எழுதுவது என்று முடிவு செய்தோம்.

குருவானவருக்கு மறைமாவட்டம் இருக்கிறது. கன்னியருக்குச் சபை இருக்கிறது. உபதேசியாருக்கும் கோயில்பிள்ளைக்கும் மனைவி மக்கள் இருக்கிறார்கள். பிரிந்த சகோதரர்களின் சபைகளிலோ போதகரே குடும்பஸ்தர். ஆகவே இந்தக் கேள்வி அவர்களிடையேதான் முதலில் கூர்மையாக எழுந்தது. விடை தேடியவர்களும் பெரும்பாலும் அவர்களே. அதை ஒப்புக்கொள்வதில் நமக்குக் கூச்சம் தேவையில்லை.

ஆதித் திருச்சபையில் எல்லாம் பொதுவாக இருந்ததை அப்போஸ்தலர் பணி நூலில் கேட்டிருக்கிறோம். அதற்குப் பிந்திய காலத்துச் சாட்சி ஒன்று உண்டு. கி.பி. 197ஆம் ஆண்டு வாக்கில் கார்த்தேஜ் நகரில் தெர்த்துல்லியன் என்ற அறிஞர் கிறிஸ்தவர்களுக்காக வாதாடி ஒரு நூல் எழுதினார். சபையில் ஓர் உண்டியல் உண்டு என்றும், மாதம் ஒருமுறை அவரவர் மனமுவந்து இயன்றதைப் போடுவர், கட்டாயம் கிடையாது என்றும் அதில் சொல்கிறார். அந்தப் பணம் ஏழைகளை அடக்கம் செய்யவும், அநாதைகளுக்கும், முதியோருக்கும், கப்பல் உடைந்து தவித்தோருக்கும், விசுவாசத்துக்காகச் சிறைப்பட்டோருக்கும் செலவாயிற்றாம். மாதச் சந்தா என்ற ஏற்பாட்டுக்கு வயது ஆயிரத்து எண்ணூறுக்கு மேல் என்பதற்காகவே இதைக் குறிப்பிட்டோம்.

மனம் இருந்தது, கணக்கு இல்லை. கணக்கு வந்த கதை சுவையானது. 1693இல் வால்வெள்ளிப் புகழ் எட்மண்ட் ஹாலி, எந்த வயதில் எத்தனை பேர் இறக்கிறார்கள் என்று ஓர் அட்டவணை வெளியிட்டார். அதற்கு ஆதாரம் பிரஸ்லவ் நகரின் பிறப்பு இறப்புக் குறிப்புகள். அவற்றைத் திரட்டிக் கொடுத்தவர் அந்நகரில் ஊழியம் செய்த காஸ்பர் நாய்மான் என்ற லூத்தரன் போதகர். நம் மேற்றாசனக் கோயில்களில் கரையான் அரிக்கும் மரணப் புத்தகங்களைப் பார்க்கும்போதெல்லாம் இந்தப் போதகர் நம் நினைவுக்கு வருகிறார்.

ஐம்பது ஆண்டு கழித்து அந்த அட்டவணை ஸ்காத்லாந்தில் பயன்பட்டது. அங்கே போதகர் இறந்தால் விதவைக்கு அரையாண்டுச் சம்பளம் கிடைக்கும் என்று 1672ஆம் ஆண்டுச் சட்டம் சொல்லியது. அரையாண்டு முடிந்தால்? வீடும் சபையுடையது, அடுத்த போதகர் வருவார். இதற்கு வழி காண முனைந்தவர்கள் அலெக்சாந்தர் வெப்ஸ்டர், இராபர்ட் வாலஸ் என்ற இரு போதகர்கள். ஊர் ஊராகத் தகவல் திரட்டினார்கள். உயிரோடு பணியில் இருப்போர் ஏறக்குறைய 930 போதகர். ஆண்டுக்கு 27 பேர் இறப்பர். அவர்களில் 18 பேர் விதவையை விட்டுச் செல்வர் என்று கண்டார்கள். எடின்பரோ கணிதப் பேராசிரியர் காலின் மக்லாரின் கணக்கைச் சரிபார்த்துக் கொடுத்தார். 1744இல் பாராளுமன்றம் சட்டமாக்கியது. ஒவ்வொரு போதகரும் தம் வசதிக்கேற்ப நான்கு தரங்களில் ஒன்றைத் தேர்ந்து ஆண்டுச் சந்தா கட்ட வேண்டும். தரத்துக்குத் தக்கபடி விதவைக்கு ஆண்டுதோறும் 10 முதல் 25 பவுன் வரை கிடைக்கும். 1765இல் நிதியில் 58,348 பவுன் இருக்கும் என்று அவர்கள் முன்கூட்டியே எழுதி வைத்தார்கள். அந்த ஆண்டு வந்தபோது இருந்தது 58,347 பவுன். குறைந்தது ஒரே ஒரு பவுன்! செபத்தோடு கணக்கும் கற்ற போதகர்களை நாம் மெச்சாமல் இருக்க முடியவில்லை.

ஆனால் இது மரணத்துக்கான ஏற்பாடு. நோயின் கணக்கு வேறு. மனிதன் ஒருமுறைதான் இறக்கிறான்; நோயோ எத்தனை முறை வரும், எவ்வளவு கேட்கும் என்று யார் கண்டார்?

நோய்ச் செலவைப் பங்கிடும் ஏற்பாடு பெரிதாக வளர்ந்த இடம் அமெரிக்க ஐக்கிய நாடு. அங்கே ஆமிஷ், மெனனைட் சபையினர் நீண்ட காலமாகவே ஒருவர் களஞ்சியம் எரிந்தால் ஊரே கூடிக் கட்டிக் கொடுப்பவர்கள். ஒருவர் ஆஸ்பத்திரியில் கிடந்தால் சபைத் தீக்கன் வழியாகப் பணம் திரட்டுவார்கள். அரசின் சமூகக் காப்பும் வேண்டாம் என்று ஆமிஷ் மக்கள் வாதாடி 1965இல் விலக்குப் பெற்றார்கள். மெனனைட்டுகள் 1945இல் பரஸ்பர உதவிச் சங்கம் ஒன்றை முறைப்படி அமைத்தார்கள்.

மற்றச் சபைகளின் சிறு போதகர்கள் பாடுதான் திண்டாட்டம். அந்நாட்டில் மருத்துவக் காப்பீடு பெரும்பாலும் வேலை கொடுக்கும் முதலாளி வழியாக வருவது. ஐம்பது குடும்பம் உள்ள தனிச் சபையில் முதலாளி யார்? சமூகக் காப்பு வரியிலும் போதகரைச் சுயதொழில் செய்பவராகவே அரசு பார்க்கிறது. தொகையும் சிறிதல்ல. 2023இல் முதலாளி வழியாகக் குடும்பம் ஒன்றுக்கு எடுத்த காப்பீட்டின் ஆண்டுக் கட்டணம், இரு தரப்பும் சேர்ந்து கட்டுவது, சராசரி 23,968 டாலர் என்று ஒரு நாடு தழுவிய ஆய்வு கண்டது.

இந்த நிலையில்தான் 1981இல் ஒஹாயோ மாநிலத்தில் ஒரு செய்திமடல் தோன்றியது. இன்னார் நோயுற்றார், இவ்வளவு பில் என்று அதில் அச்சாகும். படித்தவர்கள் பணம் அனுப்புவார்கள். 1993இல் புளோரிடாவில் மெடி-ஷேர், 1994இல் இல்லினாயில் சமாரிட்டன் மினிஸ்ட்ரீஸ் என்ற அமைப்புகள் வந்தன. சமாரிட்டன் அமைப்பின் முறை நம் மனதைத் தொட்டது. மாதப் பங்குப் பணத்தை அலுவலகத்துக்கு அனுப்பாமல், நோயுற்ற குடும்பத்துக்கே நேராக அனுப்ப வேண்டும். கூடவே ஒரு செபக் குறிப்பும் ஆறுதல் கடிதமும். ஊர் பேர் தெரியாத வீடுகளிலிருந்து உறைகள் வந்து குவிவதை நினைத்துப் பாருங்கள்.

உறுப்பினராக வேண்டுமானால் கோயிலுக்கு ஒழுங்காகப் போகிறவர் என்று போதகர் கையொப்பமிட வேண்டும், புகையிலை கூடாது. ஒவ்வொரு நோய்க்கும் முதல் பகுதிச் செலவை அந்தக் குடும்பமே தாங்க வேண்டும். அதற்கு மேற்பட்டதே பங்கிடப்படும். மாதத் தொகை காப்பீட்டைவிட மிகக் குறைவு.

குறைவு ஏன் என்று கேட்க வேண்டும். சேரும் முன்பே இருந்த நோய்க்குப் பல அமைப்புகள் உதவுவதில்லை, அல்லது சில ஆண்டு காத்திருக்கச் சொல்கின்றன. பலவற்றில் ஒரு நோய்க்கு இவ்வளவுதான் என்ற உச்சவரம்பும் உண்டு. எல்லாவற்றுக்கும் மேலாக, இது காப்பீடே அல்ல. கொடுத்தே தீருவோம் என்ற ஒப்பந்தம் கிடையாது. காப்பீட்டுக் கம்பெனியைப் போல் இருப்பு வைக்க வேண்டும் என்ற சட்டமும் இல்லை. பணம் வராவிட்டால் வழக்குப் போட வழி மிகக் குறைவு. மலிவு என்பதன் மறுபக்கம் இது. சொல்லாமல் விட்டால் நாம் பொய் சொன்னவர்களாவோம்.

2010இல் அந்நாட்டில் எல்லோரும் காப்பீடு எடுக்க வேண்டும் என்ற சட்டம் வந்தபோது, 1999 டிசம்பர் 31 முதல் இடைவிடாமல் நடந்துவரும் இத்தகைய அமைப்புகளின் உறுப்பினருக்கு விலக்கு அளிக்கப்பட்டது. அதன் பின் கூட்டம் பெருகிப் பத்து இலட்சத்தைத் தாண்டியது. கத்தோலிக்கரும் சேர்ந்தார்கள். கருக்கலைப்பு முதலியவற்றுக்குத் தம் பணம் போகக் கூடாது என்ற மனச்சாட்சிக் கவலை அவர்களுக்கு இருந்தது. 2014இல் மிச்சிகனில் உள்ள ஒரு கத்தோலிக்க நிறுவனம் சமாரிட்டனோடு கைகோத்துத் தனித் திட்டம் தொடங்கியது.

கூட்டம் பெருகிய இடத்தில் ஓநாயும் நுழைந்தது. 1981இல் தோன்றிய அந்த ஒஹாயோ அமைப்பிலேயே, நோயாளிக்கென்று வந்த பணத்தைப் பொறுப்பாளர் சிலர் கையாடியதாக 2000ஆம் ஆண்டு வாக்கில் அரசு வழக்கறிஞர் நீதிமன்றம் போனார். நிர்வாகம் அடியோடு மாறிய பின்னரே அது தலைநிமிர்ந்தது. 2021இல் ஷாரிட்டி என்ற அமைப்பு திவாலாயிற்று. பத்தாயிரத்துக்கு மேற்பட்ட குடும்பங்கள் மாதாமாதம் ஒழுங்காகப் பணம் கட்டியும், பில்லைக் கையில் வைத்துக்கொண்டு நின்றன. இந்த இரண்டையும் ஸ்காத்லாந்துப் போதகர்களின் ஒரு பவுன் பிசகோடு ஒப்பிட்டுப் பார்த்தால், நடுவில் என்ன குறைந்தது என்று விளங்கும். அங்கே கணக்கும் இருந்தது, சட்டத்தின் கண்ணும் இருந்தது.

நம் திருச்சபை இதில் சும்மா இருக்கவில்லை. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965 டிசம்பர் 7இல் வெளியிட்ட குருக்களின் பணியும் வாழ்வும் பற்றிய ஏட்டில், நோயிலும் முதுமையிலும் குருக்களுக்கு உதவும் ஏற்பாட்டை ஆயர் பேரவைகள் கவனிக்க வேண்டும் என்று கேட்டது. இரண்டாம் அருளப்பர் சின்னப்பர் 1983இல் அளித்த திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 281ஆம் 1274ஆம் விதிகள் அதைச் சட்டமாக்கின. இவை குருக்களைப் பற்றியவை. மூத்த வாசகர் பலருக்குத் தெரியாதது 231ஆம் விதி. திருச்சபைப் பணிக்கே தம்மை ஒப்படைத்த பொதுநிலையினருக்குத் தக்க ஊதியம் பெற உரிமை உண்டு, அது தம் குடும்பத்தின் தேவைக்கும் போதுமானதாக இருக்க வேண்டும், மருத்துவ உதவியும் அவர்களுக்குச் சேர வேண்டும் என்பது அதன் சாரம். உபதேசியார் இதில் வருகிறாரா என்று கேட்பாருக்கு, வேறு யார் வருவார் என்பதே நம் பதில்.

நம் பங்கில் இதுவரை நடந்தது என்ன? யாராவது படுத்துவிட்டால் பூசை முடிந்து ஒரு அறிவிப்பு. வாசலில் ஒரு துண்டு விரிப்பு. முதல் ஞாயிறு நன்றாகச் சேரும். மூன்றாம் ஞாயிறு சில்லறைதான். அதைப் பெற்றவரும் தலை குனிந்தே பெற்றார். கொடுத்தவர் மீது குறையில்லை, முறையில்தான் குறை.

ஆகவே ஜூபிலி வரவு செலவு முடிந்து மிஞ்சும் தொகையை நோய் உதவி நிதியாக ஒதுக்குவது பற்றிப் பங்குப் பேரவையில் பேச்சு வந்திருக்கிறது. அரசு காப்பீட்டுத் திட்டத்தில் சேரத் தகுதியுள்ள பணியாளர் குடும்பங்களை முதலில் அதில் சேர்ப்பது. அது எட்டாத செலவுக்கு மட்டும் இந்த நிதி. எவ்வளவு வரை என்பது எழுத்தில். கணக்கு ஆண்டுக்கு இருமுறை பூசைக்குப் பின் வாசிக்கப்படும். மாதம் எவ்வளவு என்று அன்பியக் கூட்டங்களில் கேட்க வருவார்கள். உபதேசியார் வீட்டில் எத்தனை பேர், என்னென்ன வயது என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்துவிட்டோம். வெப்ஸ்டரும் வாலசும் அங்கேதான் தொடங்கினார்கள்.