கண்ணும் கசெற்றும் ஒன்றான கதை

கசெற் உள்ளேயே ஓடும் வீட்டு வீடியோக் கமராவும் எங்கள் சனத்தின் பெரிய புலப்பெயர்வும் ஒரே ஆண்டில் தொடங்கியவை. 1983இல் யப்பானின் சோனி நிறுவனம் 'பெற்றாமூவி' என்ற கருவியைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. அதே ஆண்டு ஆடியில், தமிழருக்கு எதிரான வன்முறையில் கொழும்பு எரிந்தது. அதன்பின் எங்கள் ஊரான சண்டிலிப்பாயில் வெளிநாட்டில் ஒருவராவது இல்லாத வீட்டைத் தேடவேண்டி வந்தது. இரண்டுக்கும் ஒரு தொடர்பும் கிடையாது. ஆனாலும் அந்தக் கருவியின் முழுப் பயனையும் கண்டவர்கள் யார் என்று கேட்டால், பிரிந்து போன எங்கள் குடும்பங்கள்தான் என்பேன்.

அதற்கு முன்பும் வீட்டில் படம் பிடிக்க வழியிருந்தது. கொடாக் 1965இல் வெளியிட்ட சூப்பர் 8 ஃபிலிம் சுருள் மூன்று நிமிடம் இருபது செக்கனில் முடிந்துவிடும். பிறகு கழுவக் கொடுத்துக் காத்திருக்க வேண்டும். வீடியோ வந்ததும் கழுவும் வேலை ஒழிந்தது, சுமை கூடியது. கமரா ஒரு கையில், பதியும் டெக் தோளில், இரண்டுக்கும் நடுவே வயர். பிள்ளை தவழ்வதைப் பிடிக்க இந்தக் கோலத்தில் எந்தத் தகப்பன் நிற்பான்?

இரண்டையும் ஒரே பெட்டிக்குள் அடக்கத் தடையாக நின்றவற்றில் முக்கியமானது டெக்குக்குள் சுழலும் உருளை. கசெற்றின் நாடா மெதுவாக ஊர்கிறது. படத்தைப் பதிய அந்த வேகம் போதாது. அதனால் பதியும் ஹெட்டுகளைச் சாய்வான உருளையில் பொருத்தி வேகமாகச் சுழற்றுகிறார்கள். நாடாவில் சரிந்த கோடு கோடாகப் படம் விழும். உருளையைச் சும்மா சிறிதாக்கினால் கோட்டின் நீளம் குறைந்து, கசெற் வேறு டெக்கில் ஓடாது. சோனிக்காரர் உருளையைச் சிறிதாக்கி, நாடாவை அதன்மேல் கூடுதலாகச் சுற்றவிட்டு நீளத்தைக் காப்பாற்றினார்கள். அதற்கு ஒன்றைப் பறிகொடுக்க வேண்டியிருந்தது: பெற்றாமூவி படம் பிடிக்கும், திருப்பிப் போட்டுக் காட்டாது. வீட்டு டெக்கில் போட்டால்தான் எடுத்தது வந்ததா என்று தெரியும்.

அடுத்த ஆண்டே ஜேவிசி நிறுவனம் சின்னக் கசெற்றுடன் ஜிஆர்-சி1 கமராவை இறக்கியது. ஜேவிசியின் வீட்டு டெக்கில் 62 மில்லிமீற்றராக இருந்த உருளையின் விட்டம் இதில் 41க்கு இறங்கியது. இரண்டு ஹெட் நான்காயிற்று. எடுத்ததைக் கமராவிலேயே பார்க்கவும் முடிந்தது. 1985இல் சோனியின் 8 மில்லிமீற்றர் கமராக்கள் வந்தன, 'ஹண்டிகாம்' என்ற பெயரும் அந்த ஆண்டுதான் வந்தது. அவற்றில் ஒளியைப் படமாக்கும் கண்ணாடிக் குழாய் போய்ச் சிசிடி என்ற சில்லு வந்தது. அது பெல் ஆய்வுகூடத்தில் வில்லார்ட் போயிலும் ஜோர்ஜ் ஸ்மித்தும் 1969இல் கண்டுபிடித்தது. அதற்கு 2009இல் நோபல் பரிசு கிடைத்தது. 1989இல் வந்த ரிஆர்55 வெறும் 790 கிராம். கடவுச்சீட்டு அளவுக் கமரா என்று விளம்பரம் செய்தார்கள். உல்லாசப் பயணம் போகிறவர்களை நினைத்துச் சொன்னது. எங்கள் ஆட்கள் கடவுச்சீட்டுக்கே அலைந்துகொண்டிருந்த காலம் அது.

இங்கே போரால் 1990இலிருந்து மின்சாரம் இருக்கவில்லை. பற்றரி தடைசெய்யப்பட்ட பொருளாக இருந்தது. ஜெனரேற்றரும் ரீவியும் டெக்கும் வாடகைக்கு எடுத்து, மண்ணெண்ணெய் தீருமட்டும் படம் பார்த்தோம். சுவிஸிலோ லண்டனிலோ நடந்த கலியாணத்தின் கசெற் வந்தால் அயலே கூடிவிடும். கனடாக் கசெற் என்றால் பிரச்சினை. அங்கே அப்போது என்ரிஎஸ்சி முறை, படத்துக்கு 525 கோடு. இலங்கையிலும் ஐரோப்பாவின் பல நாடுகளிலும் பால் முறை, 625 கோடு. கனடாக் கசெற்றை இங்குள்ள சாதாரண டெக்கில் போட்டால் படம் நிறமிழந்து உருண்டோடும். மாற்றிப் பதிந்து அனுப்பவேண்டும் என்று கடிதத்தில் எழுதுவார்கள். யாரோ எப்போதோ வகுத்த அளவு, தாய்க்கும் மகனுக்கும் நடுவில் வந்து நின்றது.

2002 சித்திரையில், போரால் மூடிக்கிடந்த ஏ9 பாதை திறந்தது. வெளிநாட்டிலிருந்து வந்தவர்களின் கையில் மினிடிவி என்ற சின்னக் கசெற் போடும் ஹண்டிகாம். சீரணி நாகபூசணி அம்மன் கோவில், கல்வளைப் பிள்ளையார், கிணற்றடி, பழைய அடுப்படி என்று எல்லாவற்றையும் மெதுவாக வளைத்து எடுத்தார்கள். எடுப்பவருக்குத் தெரிந்த ஊர்தான், பார்க்கப்போகிறவருக்காக எடுத்தார்கள். அதனால்தான் அந்தக் கசெற்றுகளில் அவசரமே இல்லை. படலையில் தொடங்கிய கமரா வாசலுக்கு வர அவ்வளவு நேரம் எடுக்கும்.

எங்கள் அப்பம்மா திண்ணையில் இருந்தபடி, கமராவில் விரித்துத் திறந்த சின்னத் திரையில் தன் முகத்தைப் பார்த்தா. "இதுக்குள்ளை நான் தெரியிறனே மோனே?" என்று கேட்டுவிட்டு, கண்ணாடி வில்லையை நேரே பார்த்து ரொறன்ரோவில் இருக்கும் மகனோடு கதைக்கத் தொடங்கினா. "ராசா, சாப்பிட்டனியே? குளிருக்குக் காலுக்கு ஏதும் போடுறனியே?" ஒவ்வொரு கேள்விக்குப் பிறகும் பதிலுக்கு இடம் விட்டு இருந்தா. எடுத்தவர் நிறுத்தாமல் ஓடவிட்டார். அந்த இடைவெளிகளையும் பதிந்து வைத்த அந்தக் கருவிக்கு நான் நன்றியுள்ளவன்.

1995 ஆடியிலும் ஐப்பசியிலும் போரால் இடம்பெயர்ந்தபோது எத்தனையோ கசெற்றுகள் அலுமாரியோடு போய்விட்டன. எஞ்சியவற்றைப் பூஞ்சணம் தின்கிறது. வெள்ளை படிந்த கசெற்றைத் துடைக்காமல் டெக்கில் போட்டால் ஹெட்டும் பழுதாகும், அடுத்த கசெற்றுக்கும் தொற்றும். டெக் செய்துவந்த யப்பானின் ஃபுனாய் நிறுவனமும் 2016இல் கைவிட்டுவிட்டது. பழைய டெக்கும் பழைய ஹண்டிகாமும் ஓடும்போதே எல்லாவற்றையும் கணினியில் ஏற்றுங்கள். ஊருக்குப் பொதுவான திருவிழா, பள்ளிக்கூட விழாப் பதிவுகள் என்றால் ஆவணங்களைச் சேமித்துவைக்கும் நூலக நிறுவனம் போன்றவர்களிடம் ஒரு பிரதி கொடுக்கலாம். ஏற்றிய பிறகு முகங்களை அறிந்த பெரியவர் ஒருவரைப் பக்கத்தில் இருத்தி, யார் யார் என்று கேட்டு எழுதிவையுங்கள். எங்கள் வீட்டுக் கசெற்றுகளில் பெயர் சொல்ல ஆளில்லாத முகங்கள் இப்போதே நிறைய.